கூண்டும் கயிறும்

அச்சத்தை நீக்கிக்கொள்ளவே மனிதன் வீடு கட்டினான். ஊரைச் சுற்றி மதில் எழுப்பினான். இருளை விரட்ட விளக்கேற்றினான். பன்னெடுங்காலம் பாடுபட்டு அச்சத்தை வாயிலுக்கு வெளியே நிறுத்தியவன், இன்று கைப்பொருளைச் செலவிட்டு அதனைத் தேடிப் போகின்றான். தென்னாப்பிரிக்கக் கடற்கரையிலும் ஆஸ்திரேலியாவின் தென்கடலிலும், இரும்புக் கூண்டுக்குள் தன்னை அடைத்துக்கொண்டு சுறாமீன் உலவும் நீருக்குள் இறங்குகின்றான். சில நிமிடங்கள் அதனைக் கண்ணுக்கு நேரே கண்டுவிட்டுக் கரையேறி, வாழ்நாளில் பெற்ற பெரும்பேறாக அதனைப் பேசுகின்றான். காட்டு விலங்குகளைக் காணச் செல்லும் இன்றைய சுற்றுலாக்களுள் இதுவும் ஒன்றாகிவிட்டது.

காட்டூரில் குடியிருக்கும் நமக்கும் இச்செய்திக்கும் என்ன உறவு என்று கேட்பார் உளர். திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையில், அரியமங்கலத்துக்கும் திருவெறும்பூருக்கும் இடையே அமைந்தது நம் ஊர். எத்திசையில் சென்றாலும் கடலைக் காண நூறு கிலோமீட்டருக்கு மேல் செல்லவேண்டும். நாம் அறிந்த நீர், காவிரியும் உய்யக்கொண்டான் வாய்க்காலும்தாம். சுறாவை நாம் அறிந்தது அடுப்படியில். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் ஊறும் என்று பால்சுறாவை அவித்துத் தோலுரித்து உதிர்த்து, பூண்டும் இஞ்சியும் பச்சைமிளகாயும் சேர்த்துப் புட்டாக்கிக் கொடுப்பது நம் இல்லங்களில் இன்றும் உள்ள வழக்கம். உறையூர் மீன் அங்காடியில், பனிக்கட்டிக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கிடக்கும் அச்சிறு மீனைக் கண்டு எவரும் அஞ்சியதில்லை. விலையைக் கேட்டுத்தான் அஞ்சியிருக்கின்றோம்.

ஆயினும், தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நமக்குச் சுறா அயலான உயிரன்று. நம் ஊரைக் கடந்து கிழக்கே ஓடும் காவிரி கடலோடு கலக்குமிடத்தில் அன்று காவிரிப்பூம்பட்டினம் இருந்தது. அந்நகரைப் பாடும் பட்டினப்பாலை, அங்கு வாழ்ந்த பரதவர் சினை கொண்ட சுறாவின் கொம்பை மணலில் நட்டுத் தம் தெய்வத்தை அதில் நிறுத்தி வழிபட்ட செய்தியைச் சொல்கின்றது. கொம்பு என்றதனால், வாள் போன்ற நீண்ட மூக்கையுடைய வேளாமீனையே அது குறிக்கலாம் என்பது நம் எண்ணம். எதுவாயினும், கடலுக்குச் செல்லாத ஓய்வு நாளிலும் அம்மக்கள் அவ்வுயிரை மறக்கவில்லை. எதற்கு அஞ்சினார்களோ அதனையே போற்றினார்கள். அது முட்டையிட்டுச் செல்லும் பிற மீன்களைப் போன்றதன்று, வயிற்றில் கருவைச் சுமக்கும் உயிர் என்பதையும் உற்று நோக்கி அறிந்திருந்தார்கள்.

இதனினும் நம் உள்ளத்தைத் தொடுவது குறுந்தொகையில் உள்ள ஒரு நெய்தற் பாட்டு. கடற்கரைச் சிற்றூரில் வாழும் தலைவி, காதலனுக்குச் செய்தி சொல்லி அனுப்ப விரும்புகின்றாள். வலிய சுறா தாக்கியதனால் தந்தைக்கு உண்டான புண் ஆறிவிட்டது. அவர் மீண்டும் கடலுக்குச் சென்றுவிட்டார். அன்னையோ உப்பை விற்று நெல் பெற்றுவர உப்பளத்திற்குப் போய்விட்டாள். ஆகவே தலைவன் வருவதற்கு இதுவே ஏற்ற பொழுது என்பது அச்செய்தியின் உட்கருத்து. காதலைச் சொல்ல வந்த பாட்டு, ஒரு குடும்பத்தின் வயிற்றுப்பாட்டையும் போகிற போக்கில் சொல்லிவிடுகின்றது.

சென்ற ஆண்டு இளங்கலை வகுப்பில் இப்பாட்டைக் கற்பித்தபோது, நகரத்து மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, சுறா கடித்துப் பிழைத்தவர் திரும்பவும் அதே கடலுக்கு ஏன் போகிறார்? வேறு தொழில் பார்த்திருக்கலாமே?" என்று வினவினார். வகுப்பு நகைத்தது. பின்வரிசையில் அமர்ந்திருந்த கீழக்கரைப் பக்கத்து மாணவர் மட்டும் நகைக்கவில்லை. "வேறே எங்கே போவார்?" என்று மெல்லக் கேட்டார். அவ்வளவுதான். வகுப்பு அமைதியாயிற்று. உரையாசிரியர் பலரைத் துணைக்கொண்டு நாம் சொல்ல எண்ணியிருந்த விளக்கம் அந்த மூன்று சொற்களுக்கு முன் தேவையற்றதாயிற்று. அம்மாணவரின் பாட்டனார் சங்கு குளித்தவர் என்பதைப் பிறகு அறிந்தோம்.

புண் ஆறிய பின் மீண்டும் கடல் புகுந்த மற்றொருவர் வரலாறு நம் காலத்தது. அவர் பெயர் ராட்னி ஃபாக்ஸ், தெற்கு ஆஸ்திரேலியர். 1963 டிசம்பர் 8 அன்று, அடிலெய்டு நகருக்குத் தெற்கே ஆல்டிங்கா கடற்கரையில் நடந்த ஈட்டிமீன் வேட்டைப் போட்டியின்போது, பெருவெண்சுறா ஒன்று அவரைக் கவ்விற்று. விலா எலும்புகள் முறிந்தன, நுரையீரல் கிழிந்தது, கையும் சிதைந்தது. உடலில் 462 தையல்கள் போட்டு மருத்துவர்கள் அவரைக் காத்தனர். அத்தகைய மனிதர் சுறாக்களை அழிக்கும் எண்ணத்தோடு கடலுக்குத் திரும்பியிருந்தால் உலகம் வியந்திராது. அவரோ அவற்றை அறியும் எண்ணத்தோடு திரும்பினார். விலங்குக் காட்சிச்சாலையில் சிங்கம் கூண்டுக்குள் நிற்பதைக் கண்டபோது, கடலில் மனிதன் கூண்டுக்குள் இருந்து சுறாவைக் காணலாமே என்னும் எண்ணம் தமக்குத் தோன்றியதாக அவர் கூறியுள்ளார். நீருக்கடியில் படமெடுப்போர்க்குக் கூண்டு முன்பே பயன்பட்டதுண்டு. எனினும் பெருவெண்சுறாவைக் காண்பதற்கென்றே 1960-களின் நடுவில் அவர் உருவாக்கிய கூண்டே இன்றைய சுற்றுலாவுக்கு வழிகாட்டிற்று.

இவ்விருவரையும் ஒருசேர எண்ணிப் பார்க்கத் தோன்றுகின்றது. நெய்தல் நிலத்துத் தந்தை வறுமையால் திரும்பினார். ஆஸ்திரேலியர் ஆர்வத்தால் திரும்பினார். முன்னவரிடம் கூண்டு இல்லை. பின்னவரிடம் கூண்டு இருந்தது. ஆனால் இருவருமே சுறாவைப் பகையெனக் கருதியதாகத் தெரியவில்லை. கடல் அதன் வீடு, நாம் அங்குச் சென்றவர் என்னும் தெளிவு இருவரிடமும் இருந்தது.

திரைப்படமோ வேறு பாடம் கற்பித்தது. பீட்டர் பெஞ்ச்லி 1974-இல் எழுதிய 'ஜாஸ்' என்னும் புதினம், அடுத்த ஆண்டே ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கத்தில் படமாகி உலகெங்கும் ஓடிற்று. அப்படத்திற்கு உயிருள்ள சுறாக்களைப் படம்பிடிக்க உதவியவர்களுள் ஃபாக்ஸும் ஒருவர். மனிதனைத் தேடித் தேடிக் கொல்லும் பேய் என்று சுறாவை எண்ணும்படி அப்படம் ஒரு தலைமுறையைப் பழக்கிவிட்டது. அந்நூலாசிரியரே பிற்காலத்தில் அதற்கு வருந்தி, 2006-இல் மறையும்வரை சுறாக்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டார்.

கூண்டு இறங்கும் முறையை அறியாதார்க்குச் சிறிது விளக்குவோம். இரும்புக் கம்பிகளால் ஆன பெட்டி படகின் பக்கவாட்டில் பிணைக்கப்பட்டு, மிதவைகளின் துணையால் மேற்பகுதி நீர்மட்டத்துக்கு மேலே நிற்குமாறு மிதக்கும். குளிர் தாங்கும் உடையும் கண்ணாடி மூடியும் அணிந்து அதற்குள் ஐந்தாறு பேர் வரிசையாக நிற்பர். பல இடங்களில் காற்றுக்குழாய் கிடையாது. சுறா அண்மையில் வந்ததும் படகிலிருப்பவர் குரல் கொடுக்க, மூச்சைப் பிடித்துத் தலையை நீருக்குள் அமிழ்த்திக் காண்பர். சுறாவை வரவழைக்க மீன்குழம்பலும் மீனெண்ணெயும் கலந்த நீரைக் கடலில் ஊற்றுவர். அம்மணம் நீரோட்டத்தோடு நெடுந்தொலைவு பரவும். கயிற்றில் கட்டிய இரையையோ கடல்நாயின் வடிவில் வெட்டிய பலகையையோ இழுத்துக் காட்டுவர். வீட்டுக்கு விருந்தினரை அழைப்பது போன்றதன்று இது. மணத்தைக் காட்டி ஏமாற்றி வாயிலில் நிறுத்துவது போன்றது.

இக்காட்சியை நாமே கண்ணால் கண்டதில்லை. கண்டவர் ஒருவர் நம் இல்லத்திற்கு வந்தார். நம்மிடம் முன்பு பயின்று, இப்போது கேப்டவுன் நகரில் பணியாற்றும் இளைஞர் அவர். விடுமுறையில் காட்டூர் வந்தபோது கைபேசியில் படம் காட்டினார். தற்செயலாக அன்று, வகுப்பில் மூன்று சொல் பேசிய மாணவரைக் காணக் கீழக்கரையிலிருந்து வந்திருந்த அவருடைய பாட்டனாரும் நம் முற்றத்தில் அமர்ந்திருந்தார். எழுபதைக் கடந்தவர், ஒரு செவி முற்றிலும் கேளாது. படத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இதுக்குள்ளே இறங்க எவ்வளவு கொடுத்தீங்க, தம்பி?" என்று கேட்டார்.

"நம்ம காசுக்குப் பத்தாயிரத்துக்கு மேலே ஆச்சு, மாமா."

பெரியவர் முறுவலித்தார். "நாங்க இறங்குறதுக்கு எங்களுக்குக் கொடுத்தாங்க. இறங்குறதுக்கு நீங்க கொடுத்திருக்கீங்க. காலம் அப்படியே புரண்டுபோச்சு."

சுறா வந்தால் என்ன செய்வீர்கள் என்று இளைஞர் வினவினார். "பதறக்கூடாது. பதறி மேலே ஏறினாத்தான் மோசம். அடியிலேயே அசையாம இருந்தா, அது வந்து பார்க்கும்; சுற்றும்; போயிரும். எங்களுக்குப் பயம் அதுகிட்டே இல்லே, தம்பி. நீரோட்டத்துகிட்டேயும் காதுகிட்டேயும்தான். என் காது போனது சுறாவாலேயா? ஆழத்தாலே. எங்க வாப்பா காலத்திலே காலிலே கல்லும் இடுப்பிலே கயிறும்தான். கயிற்றை மேலே பிடிச்சிருக்கிறவன் கண்ணயரக்கூடாது. பிஸ்மி சொல்லி இறங்கினா, அப்புறம் அல்லாஹ்வும் அந்தக் கயிறு பிடிக்கிறவனும்தான்."

அந்தக் கயிற்றைப் பற்றிச் சிறிது எண்ணுவோம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தல் மிகப் பழைய தொழில். பரதவரும் கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் இசுலாமியரும் அதில் ஈடுபட்டனர். குளியாளர் கல்லின் பாரத்தால் விரைந்து கீழிறங்கி, ஒரு நிமிட அளவே மூச்சடக்கி, சிப்பிகளைத் திரட்டிக் கயிற்றை அசைப்பார்; மேலிருப்பவர் இழுத்தேற்றுவார். கயிறு பிடிக்கும் பொறுப்பை மனைவியின் உடன்பிறந்தானிடமே ஒப்படைப்பர் என்று கரையோர ஊர்களில் சொல்லக் கேட்டிருக்கின்றோம். தன் தங்கை தாலியறுப்பதை எந்தத் தமையன் விரும்புவான்? இதனினும் உறுதியான காப்பீடு வேறு உண்டா?

சுறாவுக்கென்று தனியே ஒருவரும் இருந்தார். அவர் 'கடற்கட்டி' எனப்பட்டார். கடலைக் கட்டுபவர் என்பது பொருள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோபோலோ, மீன்களை மந்திரத்தால் கட்டுவோர்க்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதையும், இரவில் எவரும் திருட்டுத்தனமாகக் குளிக்காதபடி மாலையில் அவர்கள் மந்திரத்தை அவிழ்த்துவிடுவதையும் எழுதியுள்ளார். 1859-இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட்டும் இக்கடற்கட்டியைக் குறிப்பிடுகின்றார். ஆங்கிலேயர் ஆட்சி தொடங்கியபின் இலங்கை முத்துக்குளிப்புகளில் சுறாவால் நேர்ந்ததாக நன்கு உறுதிப்பட்ட விபத்து ஒன்றே ஒன்றுதான் என்றும் அவர் எழுதுகின்றார். நூற்றுக்கணக்கான படகுகளும் ஓயாத இரைச்சலும் சுறாக்களை அகற்றியிருக்கக்கூடும். மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, இறங்குபவரின் பதற்றத்தைக் கட்டியது. பதறாதவரைச் சுறா பெரும்பாலும் தீண்டுவதில்லை. பெரியவர் சொன்னதும் அதுவே.

இந்தியக் கரையில் தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. சங்கு குளித்தல் மட்டும் தொடர்கின்றது. அதுவும் இளைஞர் விரும்பும் தொழிலாக இல்லை.

இந்நிலையில்தான் நம் கேப்டவுன் இளைஞர் தம் உள்ளத்தில் இருந்ததை வெளியிட்டார். "நம்ம கடல்லேயும் இப்படி ஒன்று தொடங்கலாமே! முதல் போட நண்பர்கள் இருக்கோம். கீழக்கரைக்குப் பேரும் வரும், ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலையும் கிடைக்கும்" என்றார். பெரியவர் பேசவில்லை. பேரனாகிய நம் மாணவரே விடை சொன்னார்: "கரையிலே நின்று டிக்கெட் கிழிக்கிற வேலையென்றால் வேண்டாம், காக்கா. கடலுக்குள்ளே கூட்டிப் போகிற வேலையென்றால் எனக்குத் தெரியும்."

அன்றிரவு அவர்கள் சென்றபின் நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தோம். இளைஞரின் எண்ணம் தீயதன்று. பிழைப்புத் தேடி ஊரை விட்டுச் செல்லும் கடற்கரைப் பிள்ளைகளின் நிலையை அறிந்து சொன்ன எண்ணம் அது. ஆனால் பிற நாடுகளின் பட்டறிவு என்ன சொல்கின்றது என்பதையும் நோக்க வேண்டும் அன்றோ?

தென்னாப்பிரிக்கா 1991-இலேயே பெருவெண்சுறாவைச் சட்டத்தால் காத்த முதல் நாடு. அங்குள்ள கான்ஸ்பாய் என்னும் சிற்றூர், கூண்டுச் சுற்றுலாவால் உலகப் புகழ் பெற்றது. படகோட்டி முதல் விடுதிக்காரர் வரை பலர் அதனால் பிழைத்தனர். உயிருள்ள சுறா, இறந்த சுறாவினும் ஊருக்கு மிகுந்த வருவாய் தரும் என்பதை அவ்வூர் மெய்ப்பித்தது. இதனை மறுக்க இயலாது. ஆனால் 2017 முதல், ஓர்க்கா எனப்படும் கடல்வேட்டை விலங்குகள் அங்குச் சுறாக்களைக் கொன்று ஈரலைத் தின்னத் தொடங்கின. எஞ்சிய வெண்சுறாக்கள் அக்கடலை விட்டு அகன்றன. நம் இளைஞர் கண்டதும் வெண்சுறாவை அன்று. வெண்கல நிறமுடைய வேறொரு வகைச் சுறாவையே. ஓர் உயிரை நம்பி ஊரே பிழைக்கும்போது, அவ்வுயிர் இடம் மாறினால் ஊரின் நிலை என்னாகும் என்பதற்கு இது சான்று.

ஆஸ்திரேலியாவின் நெப்டியூன் தீவுகளில், கூண்டுப் படகுகள் மிகுந்தபின் சுறாக்கள் முன்னினும் அதிக நாட்கள் அங்கேயே தங்குவதை ஆய்வாளர் கண்டனர். இரை கிடைக்கும் என்னும் எதிர்பார்ப்பு விலங்கின் போக்கையே மாற்றக்கூடும். அரசு விழித்துக்கொண்டு படகுகள் செல்லும் நாட்களுக்கு வரம்பு கட்டியது. மெக்சிகோவின் குவாதலூப்பே தீவிலோ நிலைமை கைமீறிற்று. 2016-இல் இரையைத் துரத்திய சுறா ஒன்று, கூண்டின் கம்பிகளை முறித்துக்கொண்டு மனிதன் இருந்த கூண்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது. சுறாவால் பின்னோக்கி நீந்த இயலாது. உள்ளிருந்தவர் நல்வாய்ப்பாகக் காயமின்றித் தப்பினார். 2019-இல் மற்றொரு சுறா கூண்டின் கம்பிகளுக்கிடையே சிக்கிக் குருதி பெருக்கி இறந்தது. 2023 ஜனவரியில் அந்நாட்டரசு அத்தீவில் வெண்சுறாச் சுற்றுலாவை அறவே நிறுத்திவிட்டது. மனிதனைக் காக்க எழுந்த கூண்டு, சுறாவுக்குக் கொலைக்களமானது கொடுமை.

யார் யாருக்கு அஞ்சவேண்டும் என்னும் வினா இங்கு எழுகின்றது. சீண்டப்படாமலே சுறா மனிதனைக் கடித்ததாக உலகம் முழுவதிலும் பதிவாகும் நிகழ்ச்சிகள் ஆண்டுக்கு நூற்றுக்கும் குறைவு. அவற்றுள் உயிரிழப்பு பெரும்பாலும் பத்தைத் தாண்டுவதில்லை. மனிதனோ ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி சுறாக்களைக் கொல்வதாக 2013-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 1970-க்குப் பின் அரை நூற்றாண்டில், பெருங்கடலில் வாழும் சுறா, திருக்கை இனங்களின் தொகை 71 விழுக்காடு குறைந்துவிட்டதாக 2021-இல் மற்றோர் ஆய்வு அறிவித்தது. சுறா நெடுநாள் வளர்ந்து பருவமெய்தி, சில குட்டிகளையே ஈனும் உயிர். அழிவது எளிது, மீள்வது அரிது. அன்று காவிரிப்பூம்பட்டினத்தார் கொம்பு நட்டு வழிபட்ட வேளாமீன், இன்று நம் கடலில் காண்பதற்கே அரியதாய், சட்டத்தின் காவலில் உள்ளது. "இப்போவெல்லாம் பெரிய சுறாவைப் பார்க்கிறதே இல்லே" என்று பெரியவரும் போகும்போது சொல்லிச் சென்றார்.

எனினும் மனம் தளர வேண்டுவதில்லை. நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. குசராத்துக் கடற்கரையில் திமிங்கிலச் சுறா என்னும் பேருயிரை எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் கொன்றுவந்தனர். 2001-இல் அது சட்டத்தின் காவலைப் பெற்றது. 2004-இல் தொடங்கிய இயக்கத்தில், சமயச் சொற்பொழிவாளர் மொராரி பாபு, அதனைத் தாய்வீட்டுக்குப் பேறுகாலத்திற்கு வரும் மகளுக்கு ஒப்பிட்டுப் பேசினார். மகளைக் கொல்வார் உண்டோ? வலையில் சிக்கிய திமிங்கிலச் சுறாக்களை மீனவரே தம் வலையை அறுத்து விடுவித்தனர். அறுத்த வலைக்கு அரசு ஈடு கொடுத்தது. அன்று முதல் நூற்றுக்கணக்கான திமிங்கிலச் சுறாக்கள் உயிர் பெற்று மீண்டுள்ளன. சட்டம் செய்யாததை ஓர் உறவுச் சொல் செய்தது. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு அவித்துக் கொடுக்கும் நம் மக்களுக்கு, சினை கொண்ட சுறாவும் ஒரு தாய்தான் என்பது விளங்காமற் போகாது.

நம் கடலில் கூண்டு இறங்குமா என்னும் வினாவுக்கு வருவோம். பெருவெண்சுறா, கடல்நாய்கள் வாழும் குளிர்ந்த கடல்களை விரும்புவது. அது நம் கரையோரத்து உயிரன்று. நம் கடலில் உள்ளவை பால்சுறாவும் கொம்பன் சுறாவும் பவளப்பாறையோரம் உலவும் சிறு சுறாக்களும் பிறவும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், அப்பகுதி 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டவை. அங்கு எது தொடங்கினும் வனத்துறையின் இசைவின்றி இயலாது. கண்ணாடித் தளம் பொருத்திய படகில் அமர்ந்து பவளப்பாறைகளைக் காணும் சுற்றுலா அக்கரையில் முன்பே வந்துவிட்டது. ஆகவே நமக்கு வேண்டியது ஆப்பிரிக்கக் கூண்டின் நகல் அன்று என்பது நம் துணிபு.

வேண்டியது வேறொன்று. காண விரும்புவோரைக் கடலுக்கு அழைத்துச் செல்வோர், அக்கடலில் பரம்பரையாக மூழ்கியவரின் பிள்ளைகளாக இருக்கட்டும். அவர்களுக்கு முறையான பயிற்சியும் சான்றிதழும் கிடைக்க, அரசும் ஊர்ப் பெரியோரும் வழி செய்யட்டும். வருவாயின் பெரும்பங்கு கரையிலேயே தங்கட்டும். மணம் காட்டியோ இரை காட்டியோ எவ்வுயிரையும் ஏமாற்ற வேண்டா. அது வந்தால் காண்போம். வராவிடில், வாராத நாளும் கடலின் நாளே என்று கரையேறுவோம். வலையில் சிக்கும் காக்கப்பட்ட உயிர்களை விடுவிக்கும் மீனவர்க்கு, குசராத்தைப் போன்று ஈடு கிடைக்கட்டும். முதல் போட முன்வரும் நம் இளைஞர்கள் இவற்றை மேற்கொண்டால், அவர்தம் செல்வம் அறத்தின்பாற் சேரும். அவ்விளைஞரிடம் இவற்றையெல்லாம் எழுதி அனுப்பியுள்ளோம். கீழக்கரைக்குச் சென்று ஊராரோடு அமர்ந்து பேசுவதாக அவரும் மறுமொழி எழுதியுள்ளார்.

கூண்டு பொருள் கொடுத்துப் பெறும் காவல். கயிறோ மற்றொரு மனிதனின் கையிலிருந்து பெறும் காவல். முன்னதில் இருப்பவன் தன்னையும் சுறாவையும் மட்டும் காண்கின்றான். கரையில் வாழும் மக்களைக் காண்பதில்லை. பின்னதில் இறங்குபவனோ, மேலே தனக்காகக் கண்ணயராமல் நிற்பவனை ஒருபோதும் மறப்பதில்லை. அஞ்சாமைக்கும் ஓர் எல்லை வகுத்தவர் வள்ளுவர். அஞ்சவேண்டியதற்கு அஞ்சுவது அறிவு என்பது அவர் கொள்கை. சுறாவின் பல்லுக்கு நாம் அஞ்சியது போதும். அது இல்லாத கடலுக்கு இனி அஞ்சுவோம். கடலறிந்த பிள்ளைகள் இல்லாத கரைக்கும் அஞ்சுவோம்.

நெய்தற் பாட்டின் தந்தை புண் ஆறியதும் கடலுக்குச் சென்றார். இன்று புண்பட்டிருப்பது கடல். அப்புண் ஆற, கயிற்றின் மறுமுனையைப் பிடித்து நிற்கும் பொறுப்பு, கடலருகே வாழ்வார்க்கு மட்டுமன்று. காவிரிக் கரையில் வாழும் நமக்கும் உண்டு.